வெளியே கிடந்த நாலாவது வரி

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. செமஸ்டர் பரீட்சை ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற முட்டாள் நான்தான். ஆனாலும் இதே பள்ளத்தில் என் வகுப்பில் இன்னும் நாலு பேராவது விழுவார்கள் என்று தோன்றுவதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நான் படிப்பது பி.காம்., சி.ஏ. இந்த சி.ஏ.வுக்கு அர்த்தம் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் ஆடிட்டர் ஆகப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவும் அதைத் திருத்துவதில்லை :-) கணக்கும் முழுசாக இல்லாமல் கம்ப்யூட்டரும் முழுசாக இல்லாமல் ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற படிப்பு இது. ஆனால் அந்த நடுவில் நிற்பதால்தான் கடைசியில் தப்பித்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அம்மா எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநர். விருதுநகரில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். குழுவில் மொத்தம் 15 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் கூட்டம். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புக் கடன் பேரேடு, அப்புறம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தனிநபர் பாஸ்புக். அம்மா எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் அந்தப் பேரேட்டைப் பார்த்தால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வெட்கப்படணும். ஒரு அடித்தல் இருக்காது. இருந்தால் பக்கத்தில் கையெழுத்து இருக்கும்.

கூட்டம் முடிந்தால் அம்மா ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எழுதுவார். எனக்குப் பாவமாக இருக்கும். எங்கள் தெருவில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு சென்னையில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் படிக்கிறபோது ப்ராஜெக்டுக்காக ஜாவாவில் சின்னதாக ஒரு கடன் கணக்கு ப்ரோகிராம் எழுதியிருந்தார். அதை வாங்கி, அங்கங்கே தட்டிக் கொட்டி, குழுவுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். மே மாதக் கூட்டத்தில் இருந்து எல்லாம் அதில்தான். "இனிமே பேரேடு எழுத வேண்டாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் பேரேட்டை மூடி பீரோ மேல் வைத்தார். பாஸ்புக்கை மட்டும் விடவில்லை. "அது அவங்க கையில இருக்கிறது, அதை எழுதித்தான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

இனி கொஞ்சம் தொழில்நுட்பம். பயப்படாதீர்கள், கணக்குப் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

ஜாவாவில் எல்லாமே ஆப்ஜெக்ட். டேட்டாபேஸில் எல்லாமே டேபிள். 'உறுப்பினர்' என்கிற ஆப்ஜெக்டை டேபிளில் ஒரு வரியாக எழுதவும், திரும்ப எடுத்து ஆப்ஜெக்டாக ஆக்கவும் நடுவில் ஒரு குமாஸ்தா வேண்டும். அந்தக் குமாஸ்தாதான் ஹைபர்நேட். 2001ல் கேவின் கிங் என்பவர் ஆரம்பித்தது. அப்புறம் இதே மாதிரி வேலை செய்கிற குமாஸ்தாக்கள் பல பேர் வந்ததால், எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதிமுறை 2006ல் வந்தது. அதன் பெயர் ஜேபிஏ. அந்த விதிப்படி குமாஸ்தாவுக்கு நாம் கொடுக்கிற உத்தரவுகள் எல்லாம் பெர்சிஸ்டன்ஸ்.எக்ஸ்எம்எல் என்கிற ஒரு கோப்பில் இருக்கும். எந்த டேட்டாபேஸ், எந்தப் பயனர், என்ன பாஸ்வேர்டு, டேபிள்களை என்ன செய்வது, எல்லாம்.

இதில் ஒரு சிக்கல். அந்தக் கோப்பு ப்ரோகிராமின் ஜார் உள்ளேயே பூட்டப்பட்டு இருக்கும். வீட்டு லேப்டாப்பில் எக்ஸாம்ப் போட்டிருக்கிறேன், அதில் ரூட்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. கல்லூரி லேபில் பாஸ்வேர்டு உண்டு. ஒவ்வொரு தடவையும் கோப்பை மாற்றி, மறுபடி ஜார் கட்டி, பென் டிரைவில் போட்டு... வெறுத்துவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "ரன் டைம்ல மாத்திக்கலாம் பாப்பா, அதுக்கு வழி இருக்கு" என்றார்.

வழி இதுதான். என்டிட்டி மேனேஜர் ஃபேக்டரியை உருவாக்கும்போது, யூனிட்டின் பெயரோடு கூட ஒரு மேப்பையும் கொடுக்கலாம். அந்த மேப்பில் என்ன இருக்கிறதோ அது எக்ஸ்எம்எல்லில் இருப்பதை மீறும். மேப்பில் இல்லாதது எக்ஸ்எம்எல்லில் இருந்து வரும். அங்கேயும் இல்லை என்றால் ஹைபர்நேட் தன் இஷ்டப்படி ஒரு மதிப்பு வைத்திருக்கும்.

ஆக, ஜாருக்குப் பக்கத்தில் அமைப்பு.ப்ராப்பர்ட்டீஸ் என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ப்ரோகிராம் ஆரம்பிக்கும்போது அதைப் படித்து, அதில் இருக்கிற எல்லா வரியையும் மேப்பில் கொட்டி, ஃபேக்டரிக்குக் கொடுக்கும். அந்த அஞ்சு வரி கோடு நானே எழுதியது. முதல் நாள் வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் அனுமதி மறுப்பு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, பாஸ்வேர்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருந்தது. ஜாவா இந்தக் கோப்பைப் படிக்கும்போது மதிப்புக்கு முன்னால் இருக்கிற இடைவெளியை நீக்கும், பின்னால் இருப்பதை நீக்காது. இதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

சரி, அந்த 'டேபிள்களை என்ன செய்வது' என்று ஒன்று சொன்னேனே, அதற்கு வருவோம். அதன் முழுப் பெயர் ஹைபர்நேட்.எச்பிஎம்2டிடிஎல்.ஆட்டோ. இனிமேல் சுருக்கமாக ஆட்டோ. இதற்கு வேலிடேட் என்று கொடுத்தால், டேபிள்கள் கிளாஸ்களோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். பொருந்தாவிட்டால் கிளம்பவே கிளம்பாது. அப்டேட் என்று கொடுத்தால் இல்லாத டேபிளையும் இல்லாத காலத்தையும் சேர்க்கும், பழையதை அழிக்காது. (காலத்தின் பெயரை மாற்றினால் புதுப் பெயரில் காலியாக ஒன்றைச் சேர்த்துவிட்டு, பழையதை அப்படியே அனாதையாக விட்டுவிடும். அது தனிக் கூத்து.) கிரியேட் என்று கொடுத்தால், இருக்கிற டேபிளை முதலில் அழித்துவிட்டு அப்புறம் புதிதாக உருவாக்கும்.

கிரியேட் என்றால் 'உருவாக்கு' என்றுதானே அர்த்தம்? 'அழித்துவிட்டு உருவாக்கு' என்று யாருக்குத் தோன்றும்? வேடிக்கை என்னவென்றால் 2013ல் வந்த ஜேபிஏ 2.1ல் இதே வேலைக்குப் பொதுவான ஒரு செட்டிங் வந்தது. அதில் கிரியேட் என்று கொடுத்தால் உருவாக்க மட்டும்தான் செய்யும். அழித்து உருவாக்க டிராப் அண்ட் கிரியேட் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே சொல், ஒரே குமாஸ்தா, எந்தச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ரெண்டு அர்த்தம். பெயர் வைத்தவர்களை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

அண்ணன் எழுதிய எக்ஸ்எம்எல்லில் ஆட்டோவுக்கு வேலிடேட் என்றுதான் இருந்தது. நல்ல மனுஷன்.

செப்டம்பரில் எங்களுக்கு மினி ப்ராஜெக்ட் டெமோ. இதே ப்ரோகிராமைத்தான் நான் கொண்டுபோனேன். டெமோவுக்கு ஒவ்வொரு தடவையும் காலி டேபிளில் இருந்து ஆரம்பிக்கணும், இல்லாவிட்டால் பொய்ப் பெயர்கள் எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை ஏறிவிடும். அதனால் பென் டிரைவில் இருந்த அமைப்புக் கோப்பில் லேபின் முகவரி, பயனர், பாஸ்வேர்டு என்ற மூன்று வரிக்குக் கீழே நாலாவதாக ஒரு வரி சேர்த்தேன். ஆட்டோ, கிரியேட். டெமோ வெள்ளிக்கிழமை நன்றாகவே போனது. மாதாந்திர அறிக்கை ஒன்று புதிதாகச் சேர்த்திருந்தேன், மேடம் பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். செவ்வாய்க்கிழமை வங்கியில் இருந்து குழுவின் கணக்கைப் பார்க்க வருகிறார்கள். கடன் புதுப்பிக்கிறதுக்கு முன்னால் தர மதிப்பீடு. அந்தப் புது அறிக்கையை அச்சடித்து வைத்தால் அம்மாவுக்கு எவ்வளவு கௌரவம்! ஞாயிறு காலை பென் டிரைவில் இருந்து மொத்த ஃபோல்டரையும் வீட்டு லேப்டாப்பில் பழையதன் மேலேயே போட்டேன். அமைப்புக் கோப்பைத் திறந்தேன். முகவரி மாற்றினேன், பயனர் மாற்றினேன், பாஸ்வேர்டை எடுத்தேன். மூன்று வரி. சேமித்தேன். ப்ரோகிராமை ஓட்டினேன்.

வந்தது. அழகாக வந்தது. உறுப்பினர் பட்டியலில் ஒருத்தர்கூட இல்லை.

பிழைச் செய்தி வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒன்றும் இல்லை. சேமிப்பு 0, கடன் 0. புதுக் குழு ஆரம்பிக்கத் தயார் என்று சொல்கிற மாதிரி நின்றது.

முதலில் வேறு டேட்டாபேஸோடு சேர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். பார்த்தேன், சரியான டேட்டாபேஸ்தான். டேபிள்கள் இருந்தன, உள்ளே வரிகள் இல்லை. ஜாரைப் பிரித்து எக்ஸ்எம்எல்லைத் திறந்தேன். வேலிடேட் என்று தெளிவாக இருந்தது. வேலிடேட் எதையும் அழிக்காது. ஆகவே ப்ரோகிராம் அழிக்கவில்லை. ஆகவே எக்ஸாம்ப்தான் ஏதோ பண்ணிவிட்டது. இப்படித்தான் ரெண்டு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிற கோப்பை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். வெளியே இருக்கிற கோப்பை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, அதை நான் 'சரி செய்துவிட்டேன்' இல்லையா.

மத்தியானம் அண்ணனைப் பிடித்தேன். "கருப்புத் திரையில என்ன ஓடுச்சுன்னு மேல தள்ளிப் பாரு" என்றார். தள்ளினேன். ஹைபர்நேட் ஒன்றையும் மறைக்கவில்லை. டிராப் டேபிள் இஃப் எக்ஸிஸ்ட்ஸ் என்று உறுப்பினர், சேமிப்பு, கடன், தவணை வரிசையாக நாலு வரி. அதற்குக் கீழே கிரியேட் டேபிள் நாலு வரி. கண் முன்னாலேயே ஓடியிருக்கிறது, நான் பட்டியல் வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ரோல்பேக் பண்ணலாமாண்ணே?"

"டிராப் பண்ணினதை ரோல்பேக் பண்ண முடியாதும்மா. பைனரி லாக் ஆன் பண்ணியிருக்கியா?"

பைனரி லாக் என்றால் என்ன என்றே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். டேட்டாபேஸில் நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாக எழுதி வைக்கிற ஒரு தினப்பதிவேடு. நம் ஜர்னல் மாதிரி. அது இருந்தால் முதலில் இருந்து மறுபடி போஸ்டிங் போட்டு வந்துவிடலாம். என் லேப்டாப்பில் அது இயங்கவில்லை. பேக்கப்பும் எடுத்ததில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். அண்ணன் எவ்வளவோ விளக்கியும் மண்டையில் ஏறவில்லை. அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது முதல் வருஷம் படித்த கூட்டாண்மைச் சட்டம் ஞாபகம் வந்தது. 1932ஆம் வருஷச் சட்டம், 13வது பிரிவு. லாபத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும், வேலை செய்கிறதுக்குச் சம்பளம் கிடையாது, முதலுக்கு மேல் ஒரு கூட்டாளி முன்பணம் போட்டால் அதற்கு 6 சதவீத வட்டி. ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. கூட்டாளிகளுக்குள் இருக்கிற ஒப்பந்தத்துக்கு உட்பட்டுத்தான் இவை. பத்திரத்தில் மூன்றுக்கு ரெண்டு என்று எழுதியிருந்தால் சமப் பங்கு போய்விட்டது. பத்திரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும்தான் சட்டம் பேசும். பரீட்சையில் 'பத்திரம் இல்லாதபோது' என்று அஞ்சு மார்க் கேள்வி வருமே, அதேதான்.

ஹைபர்நேட்டின் சொந்த இஷ்டம்தான் 13வது பிரிவு. எக்ஸ்எம்எல்தான் கூட்டாண்மைப் பத்திரம். மேப் என்பது பத்திரத்துக்குப் பின்னால் எழுதின திருத்த ஒப்பந்தம். தகராறு வந்தால் கடைசியாக எழுதின திருத்தம்தான் நிற்கும். நான் செய்தது என்ன? திருத்தத்தை எடுத்துப் பார்க்காமல் மூலப் பத்திரத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு 'இதில் அப்படி இல்லையே' என்று புலம்பினேன்.

திருத்தம் இதோடும் முடிவதில்லை. ஃபேக்டரிக்குக் கீழே என்டிட்டி மேனேஜர் ஒன்று திறக்கும்போது அதற்கும் தனியாக மேப் கொடுக்கலாம். அதற்கும் கீழே ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் ஹின்ட் கொடுக்கலாம். உதாரணத்துக்கு, ஒரு கேள்வி எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதை எக்ஸ்எம்எல்லில் 5000 மில்லிசெகண்ட் என்று வைத்துவிட்டு, வருஷ அறிக்கை எடுக்கிற அந்தப் பெரிய கேள்விக்கு மட்டும் 30000 என்று கொடுக்கலாம். எது வேலைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கே முன்னுரிமை. ஆனால் ஆட்டோ மாதிரியான விஷயங்கள் ஃபேக்டரி எழும்பும்போதே முடிந்துவிடும், அதற்கப்புறம் கீழே என்ன கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. பத்திரம் எழுதி, பங்கு பிரித்து, பணமும் வாங்கிக்கொண்டு போன பிறகு வந்து பேசுகிற மாதிரி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குமாஸ்தாவுக்குத் தெரியாத பெயரில் ஒரு செட்டிங் வந்தால், பிழை என்று கத்தாமல் பேசாமல் விட்டுவிட வேண்டும் என்பது ஜேபிஏ விதி. மற்ற நிறுவனங்களின் செட்டிங்கும் ஒரே கோப்பில் இருக்கலாம் என்பதற்காக வைத்தது, நியாயம்தான். ஆனால் ஒரு எழுத்துப் பிழை விட்டாலும் சத்தமே வராது. அது போதாது என்று 2020ல் ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ் 3.0 வந்தபோது ஜாவாக்ஸ் என்று ஆரம்பித்த பெயர்கள் எல்லாம் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. அண்ணனின் ப்ரோகிராம் பழைய ஹைபர்நேட் 5.2. புதுக் கட்டுரை ஒன்றைப் பார்த்து நான் ஜகார்த்தா என்று முகவரியை எழுதியபோது அது கண்டுகொள்ளவே இல்லை. சமர்த்தாக எக்ஸ்எம்எல்லில் இருந்த பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. இதை எப்போது கண்டுபிடித்தேன் என்றால், எல்லாம் முடிந்த பிறகு.

சரி, ஞாயிறு சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டு. நாலு மாசம்" என்று விரலில் எண்ணினார். பீரோ மேல் இருந்து பேரேட்டை எடுத்துத் தூசியைத் தட்டினார். ஏப்ரல் கடைசி வரை அதில் இருந்தது. "எல்லாரையும் பாஸ்புக்கோட வரச் சொல்லு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலரை மணிக்கு பதினாலு பேரும் வந்தார்கள். என்ன நடந்தது என்று அம்மாவே எல்லாரிடமும் சொன்னார், 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று. நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அந்த ஒரு பொய்க்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு பாஸ்புக்காக வாங்கி, மாதவாரியாகச் சேமிப்பும் தவணையும் எழுதினேன். அம்மாவுடையதையும் சேர்த்துப் பதினைந்து.

ஒருத்தரிடம் வந்து நின்றது. மூன்றாவது வீட்டு அத்தை. ஜூலையில் கடன் தவணை 500 ரூபாய் கட்டினதாகச் சொன்னார். பாஸ்புக்கில் ஜூலைக்குச் சேமிப்பு 200 மட்டும்தான் இருந்தது.

"கூட்டத்துல என்கிட்ட காசு இல்லைன்னு சொன்னேன்ல. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கே வந்து குடுத்தேனே மதினி. புஸ்தகம் எடுத்துட்டு வரலை. இந்தப் பாப்பாதான் அதுல தட்டுச்சே" என்றார்.

அம்மாவுக்கு அப்படி ஞாபகமே இல்லை. அடுத்த மாசம் தருவதாகச் சொன்னதுதான் ஞாபகம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவர் ஒரு ராத்திரி வந்து நின்றது நிழல் மாதிரி ஞாபகம் இருந்தது. ஆனால் அது ஜூலையா, ஜூனா, பணம் கொடுக்க வந்தாரா, உறை மோர் வாங்க வந்தாரா, சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. நான் தட்டியிருந்தால் டேபிளில் இருந்திருக்கும். டேபிளைத்தான் நானே அழித்துவிட்டேனே.

"அப்ப நான் பொய் சொல்றேனா?" என்றார் அத்தை. யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். 500 ரூபாய் என்பது தீப்பெட்டி ஆபீஸ் போகிறவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அதைவிட, பதினாலு பேர் முன்னால் கேட்டது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மா எழுதுகிற இடத்தில் உட்கார்ந்து, குழுவின் வங்கி பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டேன். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், ரெண்டாவது செமஸ்டரில் எனக்குப் பிடிக்காத பாடம். ஜூலையில் புதுக் கடன் யாருக்கும் கொடுக்கவில்லை, தீர்மானப் புத்தகத்தில் இருந்தது. கூட்டத்தில் வருகிற பணம் மொத்தமும் மறுநாள் வங்கியில் போடுவதுதான் வழக்கம். பாஸ்புக்குகளின்படி ஜூலையில் சேமிப்பு பதினைந்து பேருக்கும் சேர்த்து 3,000. தவணைகள் கூட்டினால் 4,950. மொத்தம் 7,950. வங்கியில் திங்கட்கிழமை கட்டியிருந்தது 8,450.

மூன்று தடவை கூட்டினேன். 500 அதிகம்.

மற்ற மூன்று மாதமும் காசு பிசகாமல் பொருந்தியது. அத்தை சொன்னது உண்மை. அம்மா எழுந்து வந்து எண்களைப் பார்த்தார், ஒவ்வொரு வரியாகத் தானே ஒரு தடவை கூட்டினார், அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மணி பத்தே முக்கால். மூன்றாவது வீட்டு விளக்கு எரிந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அம்மா கையில் அத்தையின் பாஸ்புக் இருந்தது. 500 எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, காலையில் என்னைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வங்கிக்காரர் வந்தபோது நாலு மாதமும் பேரேட்டில் அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. திங்கட்கிழமை முழுக்க எழுதினார். அச்சடித்த அறிக்கை எதையும் அவர் கேட்கவே இல்லை.

ப்ரோகிராமை அதற்கப்புறம் சரி செய்தேன். என்ன செய்தேன் என்பதை என் வகுப்புக்காரர்களுக்காக எழுதுகிறேன். வெளிக் கோப்பில் என்ன இருந்தாலும் கொட்டுகிற அந்த அஞ்சு வரியைத் தூக்கினேன். இப்போது முகவரி, பயனர், பாஸ்வேர்டு மூன்று பெயரை மட்டும்தான் எடுக்கும். வேறு ஏதாவது பெயர் இருந்தால் கிளம்பாமல் நின்று, அந்தப் பெயரைச் சொல்லும். ஜேபிஏ சும்மா இருக்கச் சொன்னாலும் நான் கத்துகிறேன். கிளம்பின பிறகு ஃபேக்டரியிடமே கெட் ப்ராப்பர்ட்டீஸ் கேட்டு, உண்மையில் எந்த மதிப்பு அமலில் இருக்கிறது என்று திரையில் மேலேயே காட்டும், பாஸ்வேர்டை மட்டும் மறைத்துவிட்டு. எந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுவதைவிட, கடைசியில் எது நின்றது என்று கேட்பது எவ்வளவோ மேல்.

அதற்கும் மேலே ஒன்று செய்தேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கம்பெனிச் சட்டம் 2013ல் 6வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சங்க அமைப்பு விதிகளிலோ செயல்முறை விதிகளிலோ நீ என்ன எழுதிக்கொண்டாலும் சரி, சட்டத்துக்கு முரணாக இருந்தால் செல்லாது. பத்திரத்தால் மீற முடிகிற சட்டமும் உண்டு, மீற முடியாத சட்டமும் உண்டு. டேட்டாபேஸில் அந்த மீற முடியாத சட்டம்தான் அனுமதி. ரூட்டை விட்டுவிட்டு, ப்ரோகிராமுக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்கி செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலிட் நாலு மட்டும் கொடுத்தேன். டிராப் கொடுக்கவில்லை. சோதித்துப் பார்க்க, பொய்த் தரவு போட்ட ஒரு டேட்டாபேஸில், எக்ஸ்எம்எல்லிலேயே கிரியேட் என்று எழுதி ஓட்டினேன். டிராப் மறுக்கப்பட்டது என்று வரிசையாகத் திட்டித் தீர்த்தது. தரவு அப்படியே இருந்தது. மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது :-)

பைனரி லாக் இப்போது இயங்குகிறது. கூட்டம் முடிந்த ராத்திரி பேக்கப் ஒன்று பென் டிரைவுக்குப் போகிறது.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப நல்லா இருக்கு, அம்மாகிட்ட மறுபடி சொல்லிப் பாரு, பேரேடு வேண்டாம்னு" என்றார். நான் சொல்லவில்லை. ப்ரோகிராம் இருக்கிறது, நான் தட்டுகிறேன், அம்மா எழுதுகிறார். ராத்திரி பதினொரு மணிக்கு ரெண்டு பேரும் மொத்தத்தை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறோம். போன மாதம் ஒரு இடத்தில் 50 ரூபாய் வித்தியாசம். தப்பு என்னுடையது.

அத்தை கூட்டத்துக்கு வருகிறார். பாஸ்புக்கை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவருகிறார். பணம் கொடுத்ததும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கைக்கு வரும் வரை நகர்வதில்லை. அம்மாவோடு பழையபடி பேசிச் சிரிக்கிறார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், லேப்டாப்பை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு.